மாலத்தீவு போகத் திட்டமிடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: எங்கள் 2,400 டாலர் போய்விட்டது

இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு மாலத்தீவில் நான்கு இரவுகள். பா அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில் ஒரு ரிசார்ட், கடல் மேல் கட்டிய வில்லா. ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடம் சேர்த்த பணம். அழகழகாகப் படம் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு டிராவல் ஏஜென்டின் இணையப் பக்கத்தில் விசாரித்தேன்.

அவன் பேச்சில்தான் விழுந்தேன். "அக்கா, மாலேல மதியம் மூன்றரைக்குள்ள இறங்குற ஃபிளைட்டா எடுங்க. அங்கேருந்து ரிசார்ட்டுக்குப் போற கடல் விமானம் வெளிச்சம் இருக்கும்போதுதான் பறக்கும். லேட்டானா ராத்திரி அங்கேயே தங்கணும், வீண் செலவு." பெட்டி 20 கிலோ தாண்டக் கூடாது என்பதையும் அவனே சொன்னான். அத்தனையும் உண்மை! ஏமாற்ற வந்தவன் இவ்வளவு அக்கறையாகச் சொல்வானா என்று நம்பினேன். கார்டில் கட்டட்டுமா என்றதற்கு, "கார்டுன்னா கமிஷன் போயிடும்க்கா, நேரா அக்கவுண்டுக்குப் போடுங்க" என்றான். போட்டேன். 2,400 டாலர், ஒரே தடவையில். பத்து நிமிடத்தில் ரிசார்ட் முத்திரையோடு வவுச்சர் வந்தது.

கடல் விமானத்தில் இடம் போட ரிசார்ட்டுக்கு நம்முடைய விமான விவரம் வேண்டும். கிளம்ப 12 நாள்தான் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. உறுத்தியது. ரிசார்ட்டுக்கு நானே மெயில் போட்டேன். இந்தப் பெயரில் முன்பதிவே இல்லை, வவுச்சர் எண்ணும் எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "அவங்க சிஸ்டம்ல ஏறலக்கா, 48 மணி நேரத்துல வந்துடும்." பிறகு மேனேஜர் லீவு. பிறகு ரீஃபண்ட் போட்டாச்சு, ஏழு வேலை நாள். ரசீது கேட்டேன். படித்துவிட்டான், பதில் இல்லை. நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டான். 2,400 டாலர்!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பணம் கட்டும் முன் ரிசார்ட்டின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு எழுதி, முன்பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவர் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள், கார்டிலேயே கட்டுங்கள். வரியைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: ரிசார்ட்டில் பசுமை வரி மட்டுமே ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், அதற்கு மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி. என் வவுச்சரில் 'எல்லாம் உட்பட' என்று மட்டும்தான் இருந்தது. கடல் விமானமும் சேர்த்து இந்த விலையா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வங்கியில் காலையில் புகார் கொடுத்தேன். நீங்களாக அனுப்பிய பணம், திரும்ப வரும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். சைபர் குற்றப் பிரிவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். விமான டிக்கெட் நாங்களே எடுத்தது, அது மட்டும் கையில் இருக்கிறது. ரத்து செய்யலாமா என்று கணவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.