பிட்சருக்கான தலைக்கவசம்: ஒன்றரை சீசன் போட்டுப் பார்த்த அனுபவம்

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, போன வருடத்திலிருந்து ஊர் பேஸ்பால் லீக்கில் பிட்சர், அதாவது பந்து போடுகிறவன். போன ஏப்ரலில் ஒரு மேட்சில் இவன் போட்ட பந்தை எதிர் டீம் பையன் நேராகத் திருப்பி அடித்தான், அது இவன் காதை ஒட்டி விர்ரென்று போய் அவனுக்குப் பின்னால் மைதானத்தின் நடுப்பக்கம் விழுந்தது. அவன் கிளவைத் தூக்கவே இல்லை, தூக்க நேரமே இல்லை. பந்து தாண்டிப் போன பிறகுதான் தலையைச் சாய்த்தான். வீட்டுக்கு வந்து பீட்சா சாப்பிட்டுத் தூங்கிவிட்டான், எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் தேடி ஆர்டர் செய்ததுதான் இந்தக் கவசம்.

முழு ஹெல்மெட் இல்லை இது. தொப்பிக்கு உள்ளே வைத்துக்கொள்ளும் அரை வளையம், ஒரு பக்க நெற்றிப்பொட்டிலிருந்து நெற்றி வழியாக மறுபக்க நெற்றிப்பொட்டு வரை வரும். வெளிப்பக்கம் கெட்டியான ஓடு, உள்பக்கம் மெத்தென்ற நுரை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 130 கிராம் இருந்தது. விலை 70 டாலருக்குள். பேட் ஒன்றுக்கு 250 டாலர் கொடுக்கிற வீடுகளில் இதற்கு யோசிப்பது எனக்குப் புரியவே இல்லை.

முதல் இரண்டு வாரம் பெரும்பாடு. "அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா, வேணாம்மா" என்று தினமும் ஒரே பேச்சு. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஏனென்றால் பழைய தொப்பிக்குள் இதைத் திணித்ததில் தொப்பி மேலே தூக்கிக்கொண்டு நின்றது, ஒவ்வொரு பந்துக்கும் கையால் அழுத்திவிட வேண்டியிருந்தது. பின்னால் பட்டை வைத்து இறுக்குகிற மாதிரி, ஒரு அளவு பெரிய தொப்பி வாங்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி வியர்வை. டெக்சஸில் மே மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கும் வெயில் கொளுத்தும், நுரை நனைந்தால் கவசம் மெல்லச் சரிந்து புருவத்துக்கு வந்துவிடும். உள்ளே மெல்லிய துணிப்பட்டை ஒன்று கட்டிவிடுகிறேன், இரண்டு இன்னிங்ஸுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறான். அப்புறம் இன்னொரு குறை, மூன்றாவது மாதமே வலது ஓரத்தில் நுரை ஒட்டு விட்டுப்போனது. விற்ற கம்பெனிக்கு மூன்று மெயில் அனுப்பிய பிறகுதான் புதிது வந்தது. பாதுகாப்புக்கென்று விற்கிற பொருளில் ஒட்டு இப்படிப் பிரியக்கூடாது, அதற்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து அப்பா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏம்மா, அடிக்கிறவனுக்குத்தானே ஹெல்மெட், பந்து போடுறவனுக்கு எதுக்கு?" என்று கேட்டார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த யாருக்கும் முதலில் வருகிற கேள்வி இது. அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். லிட்டில் லீக் என்ற பிள்ளைகள் ஆட்டத்தில் இவன் வயதுக்குப் பந்து போடும் இடத்திலிருந்து, அடிக்கிறவன் நிற்கும் ஹோம் பிளேட் வரை 46 அடி. பந்தை விடும்போது கால் நீட்டி முன்னால் வந்துவிடுவான், ஆகவே நிஜத்தில் 42 அடி என்று வைத்துக்கொள்ளலாம். பந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் திரும்பி வந்தால் அரை நொடிகூட இல்லை. அந்த அரை நொடியில் அவன் ஒற்றைக் காலில், குனிந்த நிலையில், எறிந்த கை கீழே தொங்க, கிளவ் போட்ட கை பக்கவாட்டில் இருக்க நிற்கிறான். பந்தின் எடை 142 கிராமுக்குக் குறையாது, கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் லேசு. கிரிக்கெட்டிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை, நியூசிலாந்தில் வாரன் பார்ன்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் 2017-இல் முகத்தை மறைக்கும் கவசம் போட்டுக்கொண்டு பந்து வீசியதைப் பலர் பார்த்திருப்பார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிம்மா, கழட்ட விடாதே" என்றார்.

பெரியவர்கள் பேஸ்பாலில் பிட்சர்களுக்கு நடந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. 2012 செப்டம்பரில் ஓக்லாந்து அணியின் பிராண்டன் மெக்கார்த்தி தலையில் லைன் டிரைவ், அதாவது தாழ்வாக நேரே பாய்ந்து வருகிற அடி, பட்டு, மண்டையோடு விரிசல் விட்டு, மூளையில் அறுவை சிகிச்சை வரை போனது. அடுத்த வருடம் மே மாதம் டொரான்டோவின் ஜே.ஏ. ஹேப்புக்குக் காதுக்குப் பின்னால் எலும்பு முறிவு, ஜூனில் டாம்பாவின் அலெக்ஸ் காப்புக்கும் தலையில் பட்டது. 2016-இல் ஏஞ்சல்ஸ் அணியின் மாட் ஷூமேக்கரைத் தாக்கிய பந்தின் வேகம் 105 மைல். அதற்கும் கணக்குப் பார்த்தேன், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். இவர்கள் எல்லாரும் உலகத்திலேயே கைதேர்ந்த ஆட்டக்காரர்கள். அவர்களாலேயே விலக முடியாத பந்தை ஐந்தாம் வகுப்புப் பையன் விலகிக்கொள்வான் என்று நாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2014-இல் அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் முதன்முதலாக ஐசோபிளாக்ஸ் என்ற மெத்தை வைத்த தொப்பிக்கு அனுமதி கொடுத்தது. முன்பக்கம் 90 மைல், பக்கவாட்டில் 85 மைல் வேகம் வரை தாங்கும் என்று சோதித்துச் சொன்னார்கள். ஆனால் சாதாரணத் தொப்பியைவிட ஆறேழு அவுன்ஸ் கூடுதல் எடை, பக்கவாட்டில் ஒரு அங்குலம் தடிமன். அடிபட்டுப் பிழைத்த மெக்கார்த்தியே போட்டுப் பார்த்துவிட்டு, பெரிதாக இருக்கிறது, சூடாக இருக்கிறது என்று வைத்துவிட்டார். போட்டுக்கொண்டு களத்தில் இறங்கியவர் சான் டியாகோவின் அலெக்ஸ் டோரஸ், அலெக்ஸ் காப் அடிபட்டபோது அதே அணியில் இருந்தவர். அவரைப் பார்த்துக் கேலி செய்தார்கள், காளான் மாதிரி இருக்கிறது என்றெல்லாம். மனிதர் கழற்றவில்லை, அடுத்த வருடம் மெட்ஸ் அணிக்குப் போனபோதும் போட்டுக்கொண்டார். என் மகனிடம் அவர் படத்தைக் காட்டினேன், உச்சியில் பெரிய தொப்பியோடு பந்து போடுகிற அந்தப் படம்தான் என் பத்து நாள் பேச்சைவிட அதிகம் வேலை செய்தது. 2016-இல் கார்பன் ஃபைபரில் தொப்பி பாதி ஹெல்மெட் பாதியாக ஒன்றைச் செய்து இருபது பிட்சர்களுக்குக் கிட்டக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் பரவவில்லை. இன்றைக்கும் பிட்சருக்குத் தலைக்கவசம் அவரவர் விருப்பம்தான்.

இந்த ஆட்டத்தில் எப்போதும் இப்படித்தான் தாமதம். பேட் பிடித்த ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்தது 1920-இல், மேஜர் லீக்கில் பேட்டிங் ஹெல்மெட் கட்டாயமானது 1971-இல். 2007-இல் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டம்) கோச் மைக் கூல்பா, அடித்தவன் முதலில் ஓடிப்போய்த் தொடும் முதல் பேஸ் பக்கம் நின்றிருக்கும்போது பந்து பட்டு இறந்தார், அடுத்த வருடமே அங்கே நிற்கும் கோச்சுகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். அவர் நின்ற இடத்தைவிட பிட்சர் நிற்கும் இடம் அடிக்கிறவனுக்கு இன்னும் கிட்டே. பிள்ளைகள் லீக்கிலாவது நாளைக்கே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து, பெரியவர்கள் தங்கள் தலைக்குத் தாங்களே முடிவெடுக்கட்டும், 11 வயதுப் பிள்ளை அந்த முடிவை எடுக்கக்கூடாது. எல்லாருக்கும் கட்டாயம் என்றால் "எல்லாரும் பாக்குறாங்க" என்ற பேச்சே இருக்காது, பேட்டிங் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு பையனும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கவசம் போட்டால் பயம் வந்துவிடும், வேகம் குறையும் என்று இங்கே ஒரு அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. அந்த ஏப்ரல் மேட்சுக்குப் பிறகு பந்தை விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்திருந்தான், இப்போது கடைசி வரை பேட்டைப் பார்க்கிறான்.

இது எதைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண், மூக்கு, தாடை எதற்கும் பாதுகாப்பு இல்லை. 2014 மார்ச்சில் அரோல்டிஸ் சாப்மன் என்ற மேஜர் லீக் பிட்சருக்குப் பந்து பட்டது இடது கண்ணுக்கு மேலே, உலோகத் தகடு வைக்க வேண்டிவந்தது. அவ்வளவு கீழே பட்டால் இந்த மாதிரிக் கவசம் உதவாது. காதுக்குப் பின்பக்கமும் திறந்தேதான் இருக்கிறது, ஹேப்புக்குப் பட்ட இடம் அதுதான். பேஸ்பால் மாதிரியே பெரிய பந்தில் ஆடுகிற சாஃப்ட்பால் ஆடும் பெண் பிள்ளைகளில் நிறைய பேர் கம்பி வைத்த முகக்கவசம் போட்டுத்தான் பந்து போடுகிறார்கள், அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மகனைக் கேட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்கிறான். இதுவரை கவசத்தில் பந்து பட்டதில்லை, ஆகவே இது உயிரைக் காத்தது என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. பட்டால் அதோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவேன், ஓட்டுக்குள் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள், வயதைப் பார்த்து வாங்காதீர்கள், தொப்பியையும் சேர்த்தே வாங்குங்கள், வந்ததும் வீட்டு வாசலில் ஐம்பது பந்தாவது போடவிட்டுப் பாருங்கள். எங்கள் டீமில் ஐந்து பிட்சர்கள், இப்போது மூன்று பேர் போடுகிறார்கள். மற்ற இரண்டு பேரின் அம்மாக்களும் சனிக்கிழமை மேட்சுக்கு வருவார்கள், இவனுடைய கவசத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.