டால்ஸ்டாய் வீடா, உல்ஃப் வீடா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். இந்த முறை நாவலுக்குப் பதிலாக, அது எழுதப்பட்ட வீட்டையே படிக்கலாம் என்று பேசினோம். எழுத்தாளர் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், யார் சொன்னால் நடந்தது, காசு யார் கையில் இருந்தது என்று பார்ப்பதுதான் திட்டம். கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின: ரஷ்யாவில் டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானா, இங்கிலாந்தில் நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃபின் வீடு. கையில் மூன்று மாதம்தான். தேர்வை என்னிடம் விட்டார்கள். நான் உல்ஃப் வீட்டை எடுத்தேன்.

டால்ஸ்டாய் வீட்டுக் கதை பலருக்கும் தெரியும். 1862இல் திருமணம், அவருக்கு 34 வயது, சோஃபியாவுக்கு 18. பதின்மூன்று பிள்ளைகள் பிறந்து எட்டுப் பேர் வளர்ந்து ஆளானார்கள். அந்தப் பிரசவங்களுக்கு நடுவே 'போரும் வாழ்வும்' கையெழுத்துப் பிரதியை இரவுகளில் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் சோஃபியா. பிறகு கணவரின் நூல்களைப் பதிப்பித்து விற்றவரும் அவரே. தடைபட்டிருந்த ஒரு படைப்பை வெளியிட அனுமதி கேட்டு 1891இல் ஜார் மன்னரையே நேரில் போய்ப் பார்த்தார். இவ்வளவு செய்தவருக்குத் தெரியாமல் 1910இல், காட்டில் ஒரு மரக்கட்டையை மேசையாக்கி, பதிப்புரிமைகளை மகள் பெயருக்கு எழுதிக் கையெழுத்திட்டார் டால்ஸ்டாய். அந்த ஆண்டே வீட்டை விட்டுப் போனார். ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரியும் தறுவாயில், நினைவு தப்பிய பிறகுதான் சோஃபியாவை உள்ளே விட்டார்கள். படிக்கும் யாருக்கும் நெஞ்சு அடைக்கும்.

ஆனாலும் இதை 'அடக்கப்பட்ட மனைவி' என்ற ஒற்றைச் சட்டத்துக்குள் அடைக்க முடியவில்லை. ரஷ்யச் சட்டப்படி மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை 1753 முதலே உண்டு. இங்கிலாந்தில் அது முழுமையாக வந்தது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான், அதாவது வர்ஜீனியா பிறந்த வருடம். டால்ஸ்டாய் 1883இல் சொத்து நிர்வாக அதிகாரத்தை மனைவிக்கு எழுதிக் கொடுத்தார். 1892இல் பாகம் பிரித்தபோது யாஸ்னயா பொல்யானா சோஃபியாவுக்கும் கடைசி மகனுக்கும் வந்தது. ஆக, வீடு சோஃபியாவுடையது, புத்தகங்களும் நாட்குறிப்புகளும் அவருடையவை அல்ல. அவர் கடைசி வரை மல்லுக்கட்டியதும் அந்தக் காகிதங்களுக்காகத்தான்.

அப்புறம் அக்ஸினியா. திருமணத்துக்கு முன் டால்ஸ்டாயுடன் உறவில் இருந்த விவசாயக் குடும்பத்துப் பெண். அவருக்குப் பிறந்த மகன் திமோஃபே பின்னாளில் அதே குடும்பத்துக்குக் குதிரை வண்டி ஓட்டினார். புது மணப்பெண்ணாக வந்த சோஃபியா, தன் வீட்டுத் தரையைக் கழுவ வந்த அக்ஸினியாவைப் பார்த்துப் பொறாமையில் வெந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கணவர் எழுதினார், மனைவி எழுதினார், பிள்ளைகளும் எழுதினார்கள். தரையைக் கழுவியவர் எழுதவில்லை. அவர் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு வரி கூட நம்மிடம் இல்லை. எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் தேர்வு சாய்ந்தது இந்த இடத்தில்தான். உல்ஃப் வீட்டில் சமையலறையின் குரலும் நமக்குக் கிடைக்கிறது.

அங்கே ஆண்-பெண் கணக்கும் வேறு. எழுதுவது மனைவி, கணவர் லியனார்ட் அவருடைய உடல்நலத்தைக் கவனித்து, வரவு செலவு பார்த்து, காலையில் காப்பி போட்டு எடுத்துப் போய்க் கொடுப்பவர். 1917இல் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த ஹோகார்த் அச்சகம் இருந்ததால் வர்ஜீனியா எந்தப் பதிப்பாளரின் தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சோஃபியாவுக்கு எட்டாத பல விஷயங்கள் வர்ஜீனியாவுக்குக் கைகூடின. அப்படிப்பட்ட வீட்டில் அதிகாரம் என்ன ஆகிறது என்று பார்த்தால், அது படியிறங்கி சமையலறைக்குப் போகிறது.

1916இல் சமையலுக்கு நெல்லி பாக்ஸல், வீட்டு வேலைக்கு லாட்டி ஹோப் என்று இருவர் வந்தார்கள். நெல்லி 1934 வரை, பதினெட்டு வருடம் இருந்தார். கோபித்துக்கொண்டு 'போகிறேன்' என்பார், பிறகு மனம் மாறி இருந்துவிடுவார். வர்ஜீனியாவின் நாட்குறிப்பில் நெல்லியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எரிச்சல் உண்டு. சில வரிகள் படிக்கவே கூசும். பெண்ணுக்கு வருடம் 500 பவுண்டு வருமானமும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் வேண்டும் என்று வாதாடிய வர்ஜீனியாவின் 'தனக்கென ஓர் அறை' (A Room of One's Own) நூல் வெளிவந்தது 1929 அக்டோபரில். சில வாரங்களிலேயே ஒரு சண்டையில் நெல்லி, 'என் அறையை விட்டு வெளியே போங்கள்' என்று வர்ஜீனியாவிடம் சொல்லிவிட்டார். அந்த அவமானம் வர்ஜீனியாவுக்கு வெகு நாள் ஆறவில்லை. அந்த நூலில் 500 பவுண்டைத் தரும் அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாக வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பணம் எந்த ஊர் உழைப்பிலிருந்து போனது என்று எனக்குத் தோன்றும்.

நெல்லி சொன்ன 'என் அறை' உண்மையில் யாருடைய அறை? வேலை இருக்கும் வரைதான் அது நெல்லியுடையது. வேலை போனால் படுக்கையும் போய்விடும். இதை நான் புத்தகத்தைப் படித்து மட்டும் புரிந்துகொள்ளவில்லை.

முதல் கூட்டம் எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. அங்கே வேலை செய்யும் அக்கா தேநீர் கொண்டுவந்தவர், நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 1934இல் உல்ஃப் தம்பதியின் ராட்மெல் கிராமத்து வீட்டில் வேலைக்குச் சேர்ந்த லூயி என்ற பெண்ணைப் பற்றி அப்போது பேசிக்கொண்டிருந்தோம். வாரம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் சம்பளம். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் பத்தொன்பதரை பவுண்டு. கூடவே வாடகையில்லாமல் ஒரு சின்ன வீடு. "வீடெல்லாம் குடுத்தாங்களா, பரவாயில்லையே" என்றார் நண்பர். அக்கா கேட்டார்: "வீடு யாரு பேர்ல தம்பி?"

லியனார்டும் வர்ஜீனியாவும் வாங்கிய வீடு என்றேன். அவர் தலையாட்டினார். அவர் கணவர் ஒரு அடுக்ககத்தில் காவலாளியாக இருந்தவர். கீழ்த்தளத்தில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலையை விட்டு நிறுத்தியபோது அறையைக் காலி செய்யக் கிடைத்தது இரண்டு நாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோடு, பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். "சம்பளம் போனா ரெண்டு மாசம் கடன் வாங்கலாம், வீடு போனா அன்னைக்கு ராத்திரியே தெருதான்" என்றார்.

அதற்குப் பிறகு லூயியின் நினைவுகளை வேறு மாதிரி படித்தேன். சமையலறைக்கு மேலேதான் குளியலறை. காலையில் வர்ஜீனியா குளித்துக்கொண்டே தனக்குத்தானே பேசுவது கீழே கேட்குமாம். இரவில் மனதில் ஓடிய வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கிறார் என்று லியனார்ட் விளக்கியிருக்கிறார். அந்த வாக்கியங்களை உலகத்தில் முதலில் கேட்டவர்களில் ஒருவர், காலை உணவு தயார் செய்துகொண்டிருந்த பெண். லியனார்ட் 1969இல் இறக்கும் வரை லூயி அங்கேயே வேலை செய்தார். பாசமும் மரியாதையும் அவர் பேச்சில் நிறைய இருக்கின்றன, அவற்றை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தலைக்கு மேலிருக்கும் கூரை முதலாளியுடையதாக இருக்கும்போது ஒருவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நெல்லி வாயைத் திறந்து சண்டை போட்டவர். அவருக்கு அடுத்த வேலை நடிகை எல்சா லான்செஸ்டர் வீட்டில் கிடைத்தது. லூயிக்குக் குடும்பத்தோடு கிராமத்தில் இருந்தாக வேண்டும்.

வர்ஜீனியாவுக்கு இது தெரியாமல் இல்லை. சமைத்த சாப்பாடும் கழுவிய பாத்திரமும் தடம் இல்லாமல் போய்விடுகின்றன, அந்தப் பெண்களின் வாழ்க்கை எங்கேயும் பதிவாகவில்லை என்று அதே நூலில் மனம் கசிந்து எழுதியவர் அவர். அப்படி எழுதியவரால் தன் வீட்டு நெல்லியிடம் அதே மனதோடு இருக்க முடியவில்லை. டால்ஸ்டாயிடமும் இந்த இடைவெளி உண்டு: தன் கையால் செருப்பு தைத்தார், வயலில் உழுதார், வீட்டுக்குள் பணியாளர்கள் பரிமாறிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே பரிமாறியவர் பக்கத்துப் பேச்சை எங்கே தேடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. இங்கே நெல்லி இருக்கிறார், லூயி இருக்கிறார்.

உங்கள் வட்டத்துக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது என்றால் டால்ஸ்டாய் வீட்டை எடுங்கள். சோஃபியாவின் நாட்குறிப்பு ஒன்றே போதும், விவாதம் தானாகப் பற்றிக்கொள்ளும். மூன்று மாதம் இருந்தால் ராட்மெல்லுக்குப் போங்கள். நாங்கள் இப்போது 1930க்கு வந்திருக்கிறோம், நெல்லி அறுவைச் சிகிச்சைக்குப் போய் வீட்டில் இல்லாத மாதங்கள். அடுத்த கூட்டமும் அதே நண்பர் வீட்டில்தான். அக்காவையும் உட்காரச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்குத் தேநீர் என் பொறுப்பு.