டிபக் மேக்ரோவைத் திருத்த நாலு வழி: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது

பழைய லினக்ஸ் டிரைவர் எதையாவது திறந்தால், பெரும்பாலும் மேலேயே, பிழை தேடச் செய்தி அச்சிடும் ஒரு டிபிஜி மேக்ரோ உட்கார்ந்திருக்கும். கம்பைல் செய்யும்போது டிபக் கொடி இருந்தால் அது பிரிண்ட்கே (லினக்ஸின் மையமான கெர்னலின் லாகில் செய்தி எழுதும் ஃபங்ஷன்), இல்லாவிட்டால் வெற்று. எழுதியவர் கொடியைப் போட்டுக்கொண்டேதான் வேலை பார்த்திருப்பார், அதனால் அவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும், தகராறு அவர் போன பிறகுதான். நான் பராமரித்த ஒரு டிரைவரில் மூன்று வருடம் யாரும் அந்தக் கொடியைத் தொடவில்லை. ஒரு நாள் தேவைப்பட்டுப் போட்டால் திரை முழுக்கக் கம்பைல் பிழை: ஸ்ட்ரக்சர் உறுப்பின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார், ஒரு மாறி ஆளையே காணோம், 32 பிட்டில் சரியாக இருந்த ஃபார்மட் குறி 64 பிட்டில் பொருந்தவில்லை. வெற்று மேக்ரோவுக்குள் எழுதியதை, கம்பைலருக்கு முன்னால் ஓடி மேக்ரோக்களை விரிக்கும் பிரீபிராசஸரே துடைத்துவிடுகிறது, கம்பைலர் கண்ணில் அது படுவதே இல்லை. அதனால் இப்போது எந்த டிபக் மேக்ரோவைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அணைத்து வைத்திருக்கும்போது இது என்ன செய்கிறது?

முதல் வழி, இருக்கிற மேக்ரோவையே ஒட்டுப்போட்டுத் திருத்துவது. வெற்றுக்குப் பதில் 'இஃப் பூஜ்யம்' போட்டு உள்ளே பிரிண்ட்கேயை வைத்தால், கம்பைலர் ஃபார்மட்டையும் மாறிகளையும் சரிபார்க்கும், ஆனால் இயந்திரக் குறியீடு எதுவும் மிஞ்சாது. கெர்னலில் இதற்கென்றே நோ பிரிண்ட்கே இருக்கிறது. பல மேக்ரோக்களில் இன்னொரு வியாதியும் உண்டு: முன்னொட்டுக்கு ஒரு பிரிண்ட்கே, செய்திக்கு ஒரு பிரிண்ட்கே என்று இரண்டு கூற்றுகள். அடைப்புக்குறி இல்லாத இஃப்-க்குக் கீழே இதைப் போட்டால், முதல் பாதிதான் இஃப்-க்குக் கட்டுப்படும், இரண்டாவது பாதி எப்போதும் ஓடும். இரண்டையும் ஒரே கூற்றாகக் கட்டும் டூ-வைல்-பூஜ்யம் போர்த்தினால் அது தீரும், ஆனால் நடுவில் வேறொரு சிபியு தன் வரியை நுழைப்பது தீராது. போதாததற்கு 2016-இல் வந்த 4.9 கெர்னலிலிருந்து, தொடர்ச்சி என்று வெளிப்படையாகச் சொல்லாத துண்டு தனி வரியாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே ஃபார்மட்டில் ஒட்டுவதுதான் வழி. சரி, இவ்வளவு செய்தும் கையில் கிடைப்பது கெர்னல் ஏற்கெனவே கொடுத்திருப்பதன் நகல்தானே?

அதுதான் இரண்டாவது வழி: பிஆர் டிபக், டெவ் டிபக். டிபக் கொடி இல்லாவிட்டால் இவையே நோ பிரிண்ட்கே மாதிரி ஆகிவிடும், மேலே சொன்ன நல்லதெல்லாம் சும்மா கிடைக்கும். டெவ் டிபக் கூடுதலாக டிரைவர் பெயரையும் 0000:00:14.0 மாதிரி சாதன முகவரியையும் வரியின் தலையில் ஒட்டுகிறது. ஒரே மாதிரி இரண்டு கார்டு செருகிய இயந்திரத்தில் இந்த அருமை புரியும். மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கொடியை இன்க்ளூடுகளுக்குக் கீழே எழுதினால் ஒன்றும் நடக்காது, மேலே இருக்க வேண்டும். அப்புறம், இந்தச் செய்திகளின் மட்டம் 7 (எண் கூடக்கூட அவசரம் குறைவு), கன்சோலோ வழக்கமாக 7-க்குக் கீழானதைத்தான் காட்டும். கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் வரி இருக்கும், சீரியல் வயரையே பார்த்துக்கொண்டிருப்பவர் 'வேலை செய்யல' என்று இன்னொரு தடவை கெர்னலைக் கட்டிக்கொண்டிருப்பார். நானும் கட்டியிருக்கிறேன்.

மூன்றாவதான டைனமிக் டிபக், இந்த டிபக் அழைப்புகளை ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்து மூடுவது. பிஆர் டிபக், டெவ் டிபக்குக்கு மாறியிருந்தால் இதற்கு நிரலில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம், கெர்னல் கான்ஃபிகில் ஒரு வரி போதும். அழைப்பு ஒவ்வொன்றும் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த ஃபங்ஷன் என்று டிபக்எஃப்எஸ் என்ற டிபக் கோப்பு அமைப்பில் இருக்கும் கன்ட்ரோல் கோப்பில் பட்டியலாகும். அங்கே 'மாட்யூல் இன்னது, ப்ளஸ் பி' என்று எழுதினால் அந்த மாட்யூல் பேசத் தொடங்கும், 'மைனஸ் பி' எழுதினால் வாயை மூடும். வேண்டுமானால் ஒரே ஒரு வரியை மட்டும் திறக்கலாம். வாடிக்கையாளரின் சர்வரில், ரீபூட் இல்லாமல், மறு கம்பைல் இல்லாமல். உபுண்டு, டெபியன், ஃபெடோரா கெர்னல்களில் இது ஏற்கெனவே இயக்கத்தில்தான் இருக்கிறது. விலை, கெர்னல் டெக்ஸ்ட் (இயங்கும் குறியீட்டுப் பகுதி) அளவு ஏறக்குறைய 2% கூடும் என்று கான்ஃபிக் உதவிக்குறிப்பே சொல்கிறது. ஃபிளாஷ் இடத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் சின்ன போர்டு என்றால் யோசிக்கலாம், சர்வரில் யோசிக்க ஒன்றுமில்லை.

நாலாவது, டிரேஸ் பிரிண்ட்கே. மேலே உள்ள மூன்றும் தோற்கும் ஓர் இடம் உண்டு: நேரம் முக்கியமான பிழை. 115200 வேக சீரியல் கன்சோலில் 80 எழுத்து வரி ஒன்று போக சுமார் 7 மில்லிநொடி ஆகும், சாதனம் கூப்பிட்டதும் ஓடும் இன்டர்ரப்ட் ஹேண்ட்லருக்கு அது ஒரு யுகம், தேடும் பிழையே ஒளிந்துகொள்ளும். டிரேஸ் பிரிண்ட்கேயோ நினைவகத்தில் உள்ள ரிங் பஃபரில் மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் அப்படியே விட்டுவிட்டு அனுப்பினால், இது டிபக் கெர்னல், உற்பத்திச் சூழலுக்கு ஆகாது என்று நட்சத்திரக் குறி சூழ்ந்த பெரிய எச்சரிக்கை லாகில் வந்து மானத்தை வாங்கும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டிய கருவி.

என் தேர்வு: எல்லாவற்றையும் டெவ் டிபக்குக்கு மாற்றி டைனமிக் டிபக்கை இயக்குவது, சொந்த மேக்ரோவை அழிப்பது. ஆனால் எதற்கு மாற்றினாலும் ஒவ்வொரு அழைப்பின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். வேறொரு டிரைவர் டிபக் போட்டால் ஓடும், அணைத்தால் தொங்கும். இரண்டு நாள் தேடியதில், படித்தால் தானே அழியும் இன்டர்ரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை டிபிஜி-யின் ஆர்கியுமென்டுக்குள்ளேயே வைத்துப் படித்திருந்தார்கள். அணைத்தால் வாசிப்பும் போச்சு. முதல் மூன்று வழியில் எதற்கு மாற்றியிருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும், அந்த வாசிப்பைத் தனி வரியாக வெளியே எடுத்த பிறகுதான் கார்டு எழுந்தது.