படப்பிடிப்புக்கு எருதும் வண்டிலும்: கிளிநொச்சிப் பக்கத்துச் சேவை ஒன்று

குறும்படம் ஒன்றிற்காகக் கிளிநொச்சிப் பக்கத்து உரிமையாளர் ஒருவரிடம் ஒரு சோடி எருதும் வண்டிலும் வாடகைக்கு அமர்த்தினோம். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத சேவை. கமரா முக்காலியையும் ஒளித்தெறிப்புப் பலகையையும் எருதுகள் மோந்து பார்த்துப் பழகும்வரை நுகத்தில் பூட்ட மறுத்த அவர், தலைக்கு மேல் ட்ரோன் பறக்கக் கூடாதென்றும் ஜெனரேட்டர் தள்ளி நிற்க வேண்டுமென்றும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எருது மிரளும் காட்சியைக் கண், குளம்பு, மெதுவான ஓட்டம் எனத் துண்டு துண்டாக எடுத்து, மிரட்சியை ஒலியிலும் படத்தொகுப்பிலும் உருவாக்கினோம். அமெரிக்காவில் 1940இல் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்குநல அமைப்பு தொடங்கிய, படப்பிடிப்புத் தளத்தில் விலங்குகளின் நலனைக் கண்காணிக்கும் வேலையை, இங்கே மாட்டுக்காரரே பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறிய பின் எவ்வளவு கெஞ்சியும் அவர் பூட்டவில்லை (இயக்குநருக்குக் கோபந்தான்). ஏற்றியிறக்கும் லொறிக் கூலியை முன்கூட்டியே சொல்லாதது மட்டும் குறை.