சீனப் பட்டு நூலா, ராமநகர நூலா?

சுங்க வரி குறைந்தால் பக்கத்து ஊரான ராமநகரத்துப் பட்டு நூலை விட்டு முழுக்கச் சீன நூலுக்கு மாறிவிடலாமா என்று பெங்களூரில் விசைத்தறி வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்கிறார்கள்.

விலை
சீனம்: வரியோடு ஏறி இறங்கும். 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டு வரி 30 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பிறகு மாறி 10 சதவீதமாக இருந்தது, 2021-ல் 15 ஆனது. டாலர் விலையும் சேர்ந்துகொள்ளும்.
ராமநகரம்: அங்கே சந்தையில் அன்றைய பட்டுக்கூடு ஏலம்தான் விலை.

இழை
சீனம்: ஒரே சீர், பாவில் (நீளவாக்கு இழையில்) அறுவது குறைவு.
ராமநகரம்: கலப்பினப் புழுவின் கூட்டிலிருந்து எடுக்கும் நூலில் ஏற்றத்தாழ்வு உண்டு, ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) தாராளமாகப் போதும். பைவோல்டைன் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் புழு வகை) நூல் பாவுக்கும் நிற்கும்.

கிடைப்பது
சீனம்: கப்பல், சுங்கம் தாண்டி வரவேண்டும்.
ராமநகரம்: சுமார் ஐம்பது கிலோமீட்டர்.

வரி குறைவது தறிக்காரருக்கு உடனடி லாபம், உண்மைதான். ஆனால் சீன நூல் மலிந்து இங்கே பட்டுக்கூட்டின் விலை விழுந்தால், விவசாயி புழுவுக்குத் தீனியான மல்பெரியைப் பிடுங்கிவிடுவார். மறுபடி நட்டுக் கூடு எடுக்க மாதக்கணக்காகும். அதற்குள் வரி ஏறினால் நமக்கு இரண்டு நூலும் கிடைக்காது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

வேகத் தறியில் ஏற்றுமதித் துணி நெய்பவர் பாவுக்குச் சீனம் வாங்கலாம். கைத்தறிப் புடவைக்கு ராமநகரம். சாதாரண விசைத்தறிப் புடவைக்குப் பாவு சீனம், ஊடை ராமநகரம்.