மூன்று விஆர்எஃப், ஒரே முகவரி வரிசை: டிஹெச்சிபி நிலையான முகவரிகளோடு என் அனுபவம்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய வணிக வளாகம் ஒன்றின் நெட்வொர்க்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கீழே ஜவுளிக்கடை, நடுவில் ஆடிட்டர் அலுவலகம், மேலே லாட்ஜ். மூவருக்கும் ஒரே சிஸ்கோ ரவுட்டர். ஆளுக்கொரு விஆர்எஃப், அதாவது தனி ரூட்டிங் அட்டவணை. மூவரும் வைத்திருப்பது அதே 192.168.1.0/24 வரிசைதான். கடையின் பில் பிரிண்டரும் 192.168.1.50, லாட்ஜின் கேமரா ரெக்கார்டரும் 192.168.1.50. ஒன்றின் வழியில் மற்றொன்று குறுக்கிட்டதே இல்லை. இந்த ஏற்பாட்டை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன்.

முகவரியைக் கருவியிலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். பழுது பார்க்க வருபவர் பிரிண்டரை ரீசெட் செய்தால் அந்த முகவரி போய்விடும், பில் நின்றுவிடும். கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி ரவுட்டரில் ஓடுகிறது. முகவரி அங்கே இருந்தால் பிரிண்டர் எழுந்ததும் தன் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் நிலையான முகவரி தர நான் பின்பற்றுவது கருவிக்கு ஒரு பூல், அதாவது முகவரித் தொகுப்பு, என்ற முறை. அந்தச் சின்னப் பூலுக்குள்ளும் விஆர்எஃப் பெயரைத் தனியாக எழுத வேண்டும். முழு வரிசைக்கான பெரிய பூலில் எழுதியது இதற்குச் செல்லாது. தானாக வழங்காமல் விலக்கி வைக்கும் முகவரிகளின் வரியிலும் அப்படியே.

எல்லாரும் திணறுவது கருவியின் அடையாளத்தில்தான். நெட்வொர்க் வன்பொருளின் எண்ணான மேக் முகவரி 0012.3456.7890 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கணினி டிஹெச்சிபியில் தன் அடையாளத்தைச் சொல்லும் 61ஆம் ஆப்ஷனில் முன்னால் 01 சேர்த்து அனுப்புகிறது. ஆகவே ரவுட்டரில் 0100.1234.5678.90 என்று எழுத வேண்டும். இந்த ஆப்ஷனையே அனுப்பாத பிரிண்டர்கள் உண்டு. அவற்றுக்கு வெறும் மேக் முகவரியை வன்பொருள் முகவரியாகக் கொடுக்க வேண்டும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நெட்வொர்க் சேவை ஓடும் லினக்ஸ் கணினி இயல்பாக அனுப்புவது மேக்கை அல்ல, இயங்குதளம் உருவாக்கும் டியுஐடி என்ற அடையாளத்தை. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் அதுவும் மாறிவிடும். ஊகித்து எழுதுவதைவிட, கருவி முதலில் ஒரு சாதாரண லீஸ், அதாவது தற்காலிக முகவரி, வாங்கட்டும். எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று காட்டும் அந்த விஆர்எஃபின் பைண்டிங் பட்டியலில் தெரியும் அடையாளத்தை அப்படியே எடுத்து எழுதிவிட்டுப் பழைய லீஸை அழித்துவிடுங்கள். இதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை.

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், யுபிஎஸ்ஸும் தீர்ந்து ரவுட்டர் அணைந்துவிட்டால் இதன் அருமை தெரியும். தானியங்கி லீஸ்களை வெளியே எங்காவது சேமிக்கச் சொல்லியிருந்தால் ஒழிய அவை போய்விடும். நிலையான பதிவுகள் கான்ஃபிகரேஷனோடு சேர்ந்தவை. சேமித்து வைத்திருந்தால் போதும், மின்சாரம் வந்ததும் பில்லிங் கணினியும் பிரிண்டரும் அதே முகவரியில் எழும்.

வரவேற்பறை டேப்லெட்டுக்கு நிலையான முகவரி கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபைக்குப் போலி மேக் முகவரி காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிட்டுப் பிறகு பதிவு செய்யுங்கள்.

ரவுட்டரை விட்டு லினக்ஸ் சர்வருக்குப் போக நினைப்பவர்களுக்கு: கீயா என்ற டிஹெச்சிபி சர்வர் மென்பொருள் ஒரே கான்ஃபிகரேஷனில் ஒரே சப்நெட்டை, அதாவது முகவரி வரிசையை, இரண்டு முறை ஏற்காது. கருவிகளின் கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்தும் ரிலே எந்த விஆர்எஃபிலிருந்து பேசுகிறது என்று சர்வருக்குச் சொல்ல ஆர்எஃப்சி 6607 என்ற தரம் 2012இலேயே வந்துவிட்டது. ஆனால் இரு முனையும் அதை அறிந்திருக்க வேண்டும். எங்கள் அளவிலான கட்டடத்துக்கு விஆர்எஃபுக்கு ஒரு சர்வர் ப்ராசஸ் என்று பிரித்து ஓட்டுவதே சரி.