தலைவர்கள் பேசியது போதும், வாக்களித்ததைப் பார்ப்போம்: ‘தே வோட் ஃபார் யூ’ இணையதளம்

2025 மே 3ஆம் தேதி, சனிக்கிழமை நடந்த ஆஸ்திரேலியக் கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் எழுதிய விமர்சனம் இது. அந்தத் தேர்தல் பிரசாரத்தைப் பார்த்துச் சலித்துப்போய், “எல்லாரும் ஒன்றுதான், யாருக்குப் போட்டால் என்ன” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்காக இதை எழுதினேன். சிட்னியின் மேற்குப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்கள் எதற்கு எப்படி வாக்களித்தார்கள் என்று காட்டும் ‘தே வோட் ஃபார் யூ’ இணையதளத்தைக் கைபேசியில் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இது இலவசம், விளம்பரம் கிடையாது. ஓபன்ஆஸ்திரேலியா அறக்கட்டளை என்ற சிறிய தொண்டு நிறுவனம் 2014 முதல் இதை நடத்திவருகிறது. பிரிட்டனில் நாடாளுமன்ற வாக்குகளைத் தொகுத்துக் காட்டும் ‘பப்ளிக் விப்’ தளம்தான் இதற்கு முன்மாதிரி.

முதலில் எரிச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, சேனல் செவன் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு டஜன் முட்டை என்ன விலை என்று இரு தலைவர்களையும் கேட்டார்கள். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் சுமார் 4 டாலர் 20 சென்ட் என்றார். பிரதமர் அந்தோனி அல்பனீஸ் 7 டாலர் என்றார், அதுவும் கிடைத்தால் என்று சேர்த்துக்கொண்டார். நான் வாங்கும் முட்டைப்பெட்டி 8 டாலரைத் தாண்டிப் பல மாதங்கள் ஆகின்றன. முட்டை விலை தெரியாததை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. விலை தெரியாதவர்கள், “உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது” என்று எதற்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்? 2022 மே முதல் 2023 நவம்பர் வரை நாட்டின் மத்திய வங்கியான ரிசர்வ் வங்கி 13 முறை வட்டியை உயர்த்தியது. ஒவ்வொரு உயர்வும் எங்கள் வீட்டுக்கடன் தவணையில் ஏறி உட்கார்ந்தது. தேர்தலுக்கு முன், 2025 பிப்ரவரியில் ஒரே ஒரு முறை, கால் சதவீதம் இறங்கியது. அதை ஒருவர் தன் சாதனை என்றார், மற்றவர் போதாது என்றார்.

கேள்விக்கு நேராகப் பதில் வரவே இல்லை. 2025க்குள் மின்கட்டணம் 275 டாலர் குறையும் என்று அல்பனீஸின் தொழிற்கட்சி 2022 தேர்தலுக்கு முன் வாக்குறுதி தந்தது. அது என்னவாயிற்று என்று கேட்டால், டட்டன் கட்டுவதாகச் சொன்ன ஏழு அணுமின் நிலையங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று பேச்சு திரும்பியது. அந்த நிலையங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று டட்டனைக் கேட்டால், அவர் அல்பனீஸின் மின்கட்டணத்துக்குப் போய்விட்டார். அரசு ஊழியர்கள் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று டட்டனின் லிபரல்–நேஷனல் கூட்டணி முழங்கியது. பெண்களிடம் எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் 7ஆம் தேதி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு மன்னிப்புக் கேட்டது. ஹண்டர் பள்ளத்தாக்கில் மேடை விளிம்பிலிருந்து பிரதமர் தடுமாறியதை நாடே காணொளியில் பார்த்தது. பிறகு அவர், தான் விழவில்லை, ஒரு கால்தான் கீழே போனது என்று வானொலியில் விளக்கம் சொன்னார். யாருக்கும் கால் தவறும். கண்ணெதிரே நடந்ததையே இல்லை என்று சொல்பவர், நம் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் எப்படி நடந்துகொள்வார் என்ற கவலைதான் எனக்கு.

இத்தனைக்கும் நடுவில், கேட்காமலேயே கைபேசிக்கு வந்து குவியும் அரசியல் குறுஞ்செய்திகள். அரசியல் கட்சிகளுக்கு ஸ்பேம் சட்டத்திலிருந்தும் தனியுரிமைச் சட்டத்திலிருந்தும் விலக்கு உண்டு. அந்த விலக்கைக் கொடுத்தது அவர்களே உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்றம். தேர்தல் விளம்பரத்தில் பொய் சொன்னால் தண்டிக்கக் கூட்டாட்சி அளவில் சட்டம் இல்லை. தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, கான்பெரா தலைநகரப் பகுதியில் இருக்கிறது, நாட்டுக்கு இல்லை.

சரி, இணையதளத்துக்கு வருகிறேன்.

முகப்பில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வருவார். ஒரே குறியீடு இரண்டு தொகுதிகளில் விழுந்தால் இருவரும் வருவார்கள். பெயரைத் தொட்டால் அவர் எந்தக் கொள்கைக்கு எப்படி வாக்களித்திருக்கிறார் என்ற பட்டியல் விரியும்: எப்போதும் ஆதரித்தவை, பெரும்பாலும் ஆதரித்தவை, கலவையாக வாக்களித்தவை, எப்போதும் எதிர்த்தவை. ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் போனால், அந்த முடிவுக்கு எந்தெந்த வாக்கெடுப்புகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்று தேதியோடு பார்க்கலாம். அதற்கும் உள்ளே, யார் யார் எந்தப் பக்கம், எந்தக் கட்சி எப்படிப் பிரிந்தது என்ற முழு விவரமும் இருக்கிறது. எல்லாம் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டிலிருந்து எடுத்தவை. கட்சிகளின் துண்டுப்பிரசுரத்திலிருந்து ஒரு வரிகூட இல்லை.

ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி நடத்தும் ‘வோட் காம்பஸ்’ பலருக்குத் தெரிந்திருக்கும். கேள்விகளுக்குப் பதில் சொன்னால், உங்கள் கருத்து எந்தக் கட்சிக்கு அருகில் இருக்கிறது என்று அது காட்டும். நல்ல கருவிதான், நானும் பயன்படுத்தினேன். ஆனால் அது கட்சிகள் சொல்லும் நிலைப்பாட்டை வைத்து நடப்பது. சொன்னதை நம்ப முடியவில்லை என்பதுதானே நம் பிரச்சினை? அந்த இடத்தில் ‘தே வோட் ஃபார் யூ’ வேறு தரத்தில் நிற்கிறது.

எனக்குக் கண் திறந்த இடம் 2024 நவம்பர் 28. ஆண்டின் கடைசி அமர்வு நாள். அன்று ஒரே நாளில் மேல்சபையான செனட்டில் 30க்கும் மேற்பட்ட மசோதாக்கள் நிறைவேறின. அவற்றில் மூன்று குடிவரவு பற்றியவை. நாடுகடத்தலுக்கு ஒத்துழைக்க மறுப்பவருக்குக் கட்டாயச் சிறை, ஆட்களை ஏற்றுக்கொள்ள மூன்றாவது நாட்டுக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம், தடுப்பு முகாம்களில் கைபேசியைப் பறிக்கும் அதிகாரம், சில நாடுகளைக் குறித்துவைத்து அங்கிருந்து பெரும்பாலானோர் விசா கேட்கவே முடியாதபடி செய்யும் அதிகாரம் எல்லாம் அவற்றில் அடக்கம். பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தற்காலிக விசாவில் காத்திருக்கும் நம் ஈழத்து அகதிகள் அதே ஆண்டில்தான் மெல்பர்னில் உள்துறை அலுவலகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் இந்தச் சட்டங்கள். தொழிற்கட்சியும் கூட்டணியும் ஒரே பக்கம் நின்று இவற்றை நிறைவேற்றின. பசுமைக் கட்சியும் சில சுயேச்சைகளும் எதிர்ப்பக்கம்.

இன்று அதே இரண்டு கட்சிக்காரர்களும் தேர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள், பொங்கலுக்கு வருகிறார்கள், மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சங்கங்கள் அவர்களை முன்வரிசையில் உட்காரவைக்கின்றன. அழைக்கட்டும், மரியாதை செய்யட்டும், அது நம் பண்பாடு. ஆனால் ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கு முன் அந்த நவம்பர் 28ஆம் தேதிப் பக்கத்தைக் கைபேசியில் திறந்துகாட்டி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்றால் சுளிக்கட்டும்.

பணவிஷயத்திலும் இதே கதை. 2025 பிப்ரவரியில் தேர்தல் நன்கொடைச் சட்டத்தை இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து திருத்தின. நன்கொடையை வெளியே சொல்ல வேண்டிய வரம்பை 5,000 டாலராகக் குறைத்தது நல்லதுதான். ஆனால் உச்சவரம்புகள் பெரிய கட்சிகளுக்கு வசதியாகவும் புதிதாக நிற்கும் சுயேச்சைகளுக்குப் பாதகமாகவும் இருக்கின்றன என்று சுயேச்சை உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தொலைக்காட்சியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுபவர்கள், தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு விரைவாக ஒன்றுசேர்கிறார்கள் என்பதை அந்த வாக்கு விவரம் காட்டுகிறது.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் எல்லாரும் ஒன்றுதான் என்பது சரிதானே” என்று நினைக்க வேண்டாம். சிட்னியின் துங்காபி பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவும் அப்படித்தான் சொன்னார்: “நான் சொன்னேன் அல்லவா, பிள்ளை?” அவருக்கு மார்ச் 26ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். மிகக் குறைந்த வருமான வரி விகிதத்தை 2026 ஜூலையில் 16இலிருந்து 15 சதவீதமாகவும் மறு ஆண்டு 14 ஆகவும் குறைக்கும் சட்டம் அன்று நிறைவேறியது. தொழிற்கட்சி ஆதரித்தது, கூட்டணி எதிர்த்தது. வென்றால் அதை ரத்து செய்துவிட்டு, ஓராண்டுக்குப் பெட்ரோல் வரியைப் பாதியாக்குவோம் என்றது கூட்டணி. அது லிட்டருக்கு 25 சென்ட் அளவுக்கு வரும். கார் ஓட்டாத, ஓய்வூதியத்தில் வாழும் அவருக்கு ஒரு கணக்கு, தினமும் பெண்ரித்துக்கு ஓட்டிப்போகும் அவர் மருமகனுக்கு வேறு கணக்கு. வேறுபாடு இருக்கும் இடத்தில் இருக்கத்தான் செய்கிறது. எங்கே வேறுபடுகிறார்கள், எங்கே கைகோக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் கோபத்தைச் சரியான இடத்தில் வைக்க முடியும். மாமா அதன்பிறகு அரை மணி நேரம் ஒவ்வொரு தலைப்பாகப் படித்துக்காட்டச் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன, சில பெரிய குறைகள்.

முதலாவது, கட்சிக் கட்டுப்பாடு. பெரிய கட்சிகளில், குறிப்பாகத் தொழிற்கட்சியில், கட்சி எடுத்த முடிவை மீறி யாரும் வாக்களிப்பது மிக அரிது. அதனால் உங்கள் தொகுதி உறுப்பினரின் பக்கமும் பெர்த்தில் இருக்கும் அவருடைய சக உறுப்பினரின் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உள்ளே அவர் வாதாடினாரா, வாயை மூடிக்கொண்டிருந்தாரா என்பது தெரியாது. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு தொழிற்கட்சியில் இருந்த செனட்டர் ஃபாத்திமா பேமன் உதாரணம். 2024 ஜூனில் பாலஸ்தீன நாட்டை அங்கீகரிக்கக் கோரிய தீர்மானத்தில் கட்சிக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். கட்சி அவரை ஒதுக்கிவைத்தது, ஜூலையில் விலகிவிட்டார். கட்சியை மீறிய வாக்குகளை இந்தத் தளம் தனியாகக் குறித்துக் காட்டுகிறது. பெரும்பாலான உறுப்பினர்களின் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அடுத்தது, குரல்வாக்கு. அவையில் பல முடிவுகள் “ஆம்”, “இல்லை” என்ற குரலிலேயே முடிந்துவிடும். பெயர் சொல்லிக் கணக்கெடுக்கும் வாக்கெடுப்பை யாரும் கோராவிட்டால் யார் எந்தப் பக்கம் என்ற பதிவே இருக்காது. ஆக, இரு பெரிய கட்சிகளும் சத்தமில்லாமல் ஒத்துப்போன பல விஷயங்கள் இங்கே அகப்படாது. தளத்தின் தவறு இல்லை இது, நாடாளுமன்றத்தின் வழக்கம். ஆனாலும் பயன்படுத்துபவர் தெரிந்திருக்க வேண்டும். வருகைச் சதவீதத்தையும் கவனமாகப் பாருங்கள். அமைச்சர்களுக்கு அது குறைவாக இருக்கும். ஓர் அமைச்சர் வெளியூரில் இருக்கும்போது, எதிர்த்தரப்பிலும் ஓர் உறுப்பினர் வாக்களிக்காமல் இருந்து ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு. அதை வைத்து யாரையும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

கொள்கைத் தலைப்புகளைத் தொகுப்பவர்கள் தன்னார்வலர்கள். எந்த வாக்கெடுப்பை எந்தத் தலைப்புக்குள் வைப்பது என்பது அவர்கள் தீர்மானம். பெரும்பாலும் நேர்மையாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் மேலே இருக்கும் ஒற்றை வரியோடு நின்றுவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். பல நேரம் ஒரு மசோதாவை எதிர்த்ததற்குக் காரணம், அது போதாது என்பதாக இருக்கும். பசுமைக் கட்சியினர் பக்கங்களில் இது அடிக்கடி வரும். புதிதாக நிற்கும் வேட்பாளரைப் பற்றி இங்கே எதுவுமே இருக்காது, அவர் இன்னும் வாக்களித்ததே இல்லையே.

எனக்கு மனவருத்தம் தருவது மொழி. எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும். தேர்தல் ஆணையம் வாக்களிக்கும் முறையைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் விளக்குகிறது. எப்படி வாக்களிப்பது என்று தாய்மொழியில் தெரிந்துகொள்ளும் எங்கள் மூத்தவர்கள், எதற்காக வாக்களிப்பது என்பதற்குப் பேரப்பிள்ளைகளையோ வாட்ஸ்அப் வதந்திகளையோ நம்ப வேண்டியிருக்கிறது. இந்தத் தளம் நடப்பதே நன்கொடையில், ஆகவே நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். நம் சங்கங்கள் முன்வந்தால் பத்துப் பதினைந்து முக்கியத் தலைப்புகளையாவது தமிழில் தரலாம். மொழிபெயர்க்க நான் தயார், நேரம் ஒதுக்கித் தருகிறேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

இந்த நாட்டில் வாக்களிக்காவிட்டால் 20 டாலர் அபராதம், அதனால் நாம் எப்படியும் வரிசையில் நிற்கத்தான் போகிறோம். 2025 தேர்தலில் முன்கூட்டியே வாக்களிக்கும் மையங்கள் ஏப்ரல் 22இல் திறந்தன, தேர்தல் நாளில் வாக்குச்சாவடிகள் காலை 8 முதல் மாலை 6 வரை. போவதற்கு முன் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, உங்களுக்கு உயிரான மூன்று விஷயங்களை மட்டும் தேடிப்பாருங்கள். எனக்கு அவை முதியோர் பராமரிப்பு, வீட்டு வாடகை, அகதிகள். வாசலில் கட்சிக்காரர்கள் நீட்டும் ‘எப்படி வாக்களிப்பது’ அட்டையை வாங்காமலே உள்ளே போகலாம், வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்பவரிசை எண்களை எப்படிப் போடுவது என்பது முழுக்க உங்கள் உரிமை. கீழ்ச்சபை வாக்குச்சீட்டில் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப மறக்காதீர்கள், ஒன்று விட்டாலும் செல்லாமல் போகக்கூடும்.